பவள உயிர்களுக்கு ஏற்ற விளக்கு

தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி போன்ற நகரங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், கூடத்து அலமாரியில் ஒரு சங்கோ, சில சோழிகளோ, வெளுத்துக் காய்ந்த பவளத் துண்டு ஒன்றோ இருப்பதைக் காணலாம். இராமேசுவர யாத்திரையின் நினைவாக எடுத்து வந்தவை அவை. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்களுக்குக் கடலின் ஒரு சிறு கூறேனும் கண்முன் இருக்கவேண்டும் என்னும் ஆவல் இயல்பானதே. அண்மைக் காலத்தில் அந்த ஆவல் மற்றொரு வடிவமும் பெற்றுள்ளது. உப்புநீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளங்களையே வளர்த்துப் பார்க்க விரும்புவோர் பலர் தோன்றியுள்ளனர். அத்தகையோருக்கு முதலில் எழும் கேள்வியும், பெரும்பாலோர் தவறிழைக்கும் இடமும் ஒன்றே. தொட்டிக்கு மேல் எந்த விளக்கைப் பொருத்துவது என்பதே அது. இன்று அதைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

தில்லியில் கரோல்பாக் பகுதியில் வாழும் என் நண்பர் ஒருவர், தம் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் தோல் பவளம் எனப்படும் மென்பவளங்கள் இரண்டை வைத்திருந்தார். பழைய விளக்கின் ஒளி மங்கலாயிருப்பதாக அவருக்குத் தோன்றியது. கடையில் கிடைத்தவற்றுள் மிகுந்த ஆற்றலுடைய விளக்கொன்றை வாங்கி மாட்டி, முழு அளவில் எரியவிட்டார். தொட்டி பகலைப் போல் ஒளிர்ந்தது, வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால் பத்து நாட்களுக்குள் பவளங்கள் இரண்டும் சுருங்கி, பழுப்பு நிறம் நீங்கி, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்கத் தொடங்கின. நண்பர் என்னை அழைத்துக் காட்டினார். "வெளிச்சத்தால் வளரும் உயிர் என்றுதானே சொன்னீர்கள்? வெளிச்சத்தைக் கூட்டியதற்கு இப்படி ஆகிவிட்டதே!" என்று வருந்தினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, பவளம் என்பது என்ன உயிர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் செம்பவளம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் மங்கிய ஒளியுள்ள குகைகளிலும் ஆழங்களிலும் வளர்வது. அதற்குச் சூரிய ஒளி தேவையில்லை. வெப்பக் கடல்களில் பாறைத் திட்டுகளைக் கட்டும் பவளங்களோ வேறு வகை. இரண்டும் விலங்கினமே. பாலிப் எனப்படும் சிறு உடலும், வாயும், அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்டவை. எனினும் பாறைப் பவளங்களும், வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் மென்பவளங்களுள் பெரும்பாலானவையும் தம் உடலுக்குள் மற்றோர் உயிரைக் குடிவைத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை அணுப் பாசிக்கு ஜூசாந்தெல்லா என்று பெயர். பவளத்தின் பழுப்பு நிறம் இப்பாசியால் வருவதே.

பாறை கட்டும் பவளங்கள் ஆழ்கடலில் வாழ்வதில்லை என்பதை 1842ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் சார்லஸ் டார்வின் எடுத்துக்காட்டினார். அதற்குரிய காரணம் பின்னரே படிப்படியாக விளங்கிற்று. 1928-29ஆம் ஆண்டுகளில் சி. எம். யாங் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் தங்கி, பவளங்களையும் அவற்றுள் வாழும் பாசியையும் விரிவாக ஆராய்ந்தது. 1944இல் ஜப்பானிய விஞ்ஞானி கவாகுட்டி இப்பாசி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்தினார். 1950களில் தாமஸ் கோரோ ஜமைக்காவில் கதிரியக்கச் சுண்ணாம்புச் சத்தைப் பயன்படுத்தி, இருளில் இருப்பதைக் காட்டிலும் ஒளியில் பவளம் பன்மடங்கு விரைவாகத் தன் எலும்புக் கூட்டைக் கட்டுகிறது என்று மெய்ப்பித்தார். நம் நாட்டிலும் இத்துறை புறக்கணிக்கப்படவில்லை. 1969ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பவளங்களைப் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. உலகப் பவளத்திட்டு ஆய்வாளர் மாநாடுகளின் வரிசையில் அதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது.

இந்த ஆராய்ச்சிகளின் சாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். பவளம் பாசிக்குக் குடியிருக்க இடமும், கழிவுப் பொருள்களாகிய எருவும் தருகிறது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை முதலிய உணவுகளைச் சமைத்து, அதன் பெரும்பகுதியை வாடகை போலப் பவளத்திடம் செலுத்துகிறது. சில இனங்களில் பவளத்திற்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு வரை இவ்வழியாகவே கிடைக்கிறது. ஆகவே தொட்டிக்கு மேல் நாம் மாட்டும் விளக்கு அழகுக்காக மட்டும் எரிவதன்று. அது பவளத்தின் அடுப்பு. அடுப்பு எரியாவிட்டால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினியால் மெலியும்.

அடுப்பு அளவுக்கு மீறி எரிந்தாலும் தீங்கு உண்டு. பாசியால் பயன்படுத்திக்கொள்ள முடியாத மிகை ஒளி, உயிரணுக்களைத் தாக்கும் நச்சுத் தன்மை வாய்ந்த ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. அப்போது பவளம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி நீங்கினால் நிறமும் நீங்கும், உணவும் நின்றுபோகும். இதையே வெளுத்தல் என்கிறோம். கடல்நீர் வழக்கத்திற்கு மீறிச் சூடேறும்போதும் இதுவே நிகழ்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் இவ்வாறு வெளுத்தன. வெப்பமும் மிகை ஒளியும் ஒன்றுசேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். நண்பரின் தொட்டியில் நேர்ந்ததும் இத்தகைய வெளுப்பே. அவர் வாங்கிய விளக்கில் குறையில்லை. மங்கிய ஒளிக்குப் பழகிய உயிரை ஒரே நாளில் கடும் ஒளியில் நிறுத்தியதே பிழை.

இனி, விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். இதில் நிறம், அளவு, பரவல், காலம் என்னும் நான்கையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

முதலில் நிறம். கடல்நீர் சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் ஒரே வகையாக உள்ளே விடுவதில்லை. செந்நிறக் கதிர்கள் முதற் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடுகின்றன. நீலக் கதிர்களே தெளிந்த நீரில் மிகுந்த ஆழம் செல்கின்றன. இதற்கேற்பப் பவளப் பாசியின் நிறமிகளும் அமைந்துள்ளன. பச்சையத்தின் இரு வகைகளும், பெரிடினின் என்னும் நிறமியும் ஏறத்தாழ 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீலப் பகுதியைச் சிறப்பாக ஏற்றுக்கொள்கின்றன. இதனால்தான் பவளத் தொட்டிக்கான விளக்குகள் நீலம் ஓங்கியவையாகச் செய்யப்படுகின்றன. வீட்டுக் கூடத்திற்கு ஏற்ற மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு இங்கே பயன்படாது.

விளக்கின் உறையில் 6500, 10000, 14000, 20000 என்று கெல்வின் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண் பெரிதாயிருப்பதால் விளக்கின் வலிமையும் பெரிது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. கெல்வின் எண் ஒளியின் சாயலை மட்டும் குறிப்பது. 6500 என்பது நண்பகல் வெள்ளொளியின் சாயல். எண் ஏற ஏற ஒளி நீலம் நோக்கிச் செல்லும். வீட்டுத் தொட்டிக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கெல்வின் வரையுள்ள ஒளி பொருந்தும். அதற்குள் எதைத் தேர்வது என்பது பெரும்பாலும் காண்போர் கண்ணின் விருப்பம். நீலம் மிகுந்தால் பவளங்களின் ஒளிர்நிறங்கள் எடுத்துத் தோன்றும். வெள்ளை மிகுந்தால் மீன்களின் இயல்பான நிறம் தெளிவாகும்.

அடுத்தது அளவு. லூமன், லக்ஸ் என்னும் அளவைகள் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டவை. நம் கண் பச்சையும் மஞ்சளும் சேர்ந்த ஒளியையே மிகுதியாக உணர்வது. நீலத்தைக் குறைவாக உணர்வது. பவளப் பாசியின் தேவையோ இதற்கு எதிர்மாறானது. ஆகையால் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும் நீல விளக்கு பவளத்திற்குக் கடும் வெயிலாக இருக்கக்கூடும். இதற்கென்றே விஞ்ஞானிகள் வேறோர் அளவையைக் கையாள்கின்றனர். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில், ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று கணக்கிடுவது அம்முறை. உலகெங்கும் பவளம் வளர்ப்போர் இதைப் 'பார்' எண் என்று வழங்குகின்றனர். வெப்ப நாடுகளில் மேகமற்ற நண்பகலில் கடல் மட்டத்தில் இந்த எண் ஏறத்தாழ 2000. நீருக்குள் இறங்க இறங்க அது விரைவாகக் குறைகிறது.

பவளங்களுக்கு இதில் எவ்வளவு வேண்டும்? வளர்ப்போரின் நீண்ட அனுபவத்திலிருந்து சில எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. காளான் பவளங்கள் 50 முதல் 100 வரையுள்ள மெல்லொளியில் நன்கு வாழும். தோல் பவளங்களும், பொத்தான்களைப் பரப்பினாற்போல் படரும் சோவாந்திடுகளும் 75 முதல் 150 வரை ஏற்கும். பெரிய பாலிப்புகளையுடைய கற்பவளங்களுக்கு 100 முதல் 200 வரை போதும். மான்கொம்பு போல் கிளைக்கும் சிறு பாலிப்புக் கற்பவளங்களே 200 முதல் 400 வரை வேண்டுவன. இந்த எண்கள் பவளம் இருக்கும் இடத்தில் அளக்கப்பட வேண்டியவை. விளக்கின் கீழேயோ நீர் மட்டத்திலோ அளந்து பயனில்லை. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் வசதி உண்டே என்று சிலர் கேட்கலாம். சூரிய ஒளியில் ஏறத்தாழ 54 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்கு ஈடு என்று கொள்ளலாம். நீல விளக்குக்கு அக்கணக்கு பொருந்தாது. உரிய அளவுமானி விலை மிகுந்தது. ஆயின் அடிக்கடி தேவைப்படாதது. ஓர் ஊரில் பவளம் வளர்க்கும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் பயன்படுத்துவது நல்ல வழி.

இவ்விடத்தில், விளக்கை வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கூறவேண்டும். நம் நாட்டில் பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், குழல் பவளம், தீப் பவளம், கடல் விசிறி ஆகியனவும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. கடலிலிருந்து இவற்றை எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். உயிரற்ற காய்ந்த துண்டுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆதலால் இராமேசுவரத்திலிருந்து நினைவுப் பொருளாக ஒரு வெண்பவளத் துண்டைப் பெட்டியில் வைத்து வருவதும் சட்டத்திற்குப் புறம்பானதே. தொட்டியில் அடுக்குவதற்கென விற்கப்படும் பவளக் கற்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்குப் பதிலாகச் சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறைகளைப் பயன்படுத்தலாம். அயல்நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி எந்தப் பவளத்தையும் ஒருவர் விற்பாராயின், இறக்குமதிக்குரிய ஆவணங்களைக் கேட்டுப் பார்ப்பதும், ஐயம் இருந்தால் உங்கள் மாநில வனத்துறையினரிடம் விசாரித்துத் தெளிவதும் கடமை. கற்பவளங்களை விட்டுவிட்டு, காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான இனங்களோடு நிறைவு கொள்வோருக்கு விளக்குச் செலவும் பாதியாகக் குறையும். இவை மெல்லொளியிலேயே செழிப்பவை என்பதை முன்னரே கண்டோம்.

இனி விளக்கு வகைகள். எல்லாவற்றிலும் பழைமையானது சூரியனே. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கற்களும் காற்றுக் குமிழிகளும் இயற்கை வெளிச்சமும் கொண்டு வீட்டுத் தொட்டியில் பவளங்களை வளர்த்து, அந்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஆண்டு முழுதும் பகல் நீளம் மாறாத ஊரில் அது இயன்றது. தில்லியின் பனிக்காலத்தில் குறுகிய, மூடுபனி சூழ்ந்த பகலை நம்பியும், கோடையில் சன்னல் வழியாகப் பாயும் சுடுவெயிலை நம்பியும் பவளம் வளர்க்க இயலாது. வெயில் படும் இடத்தில் தொட்டி வைத்தால் நீர் சூடேறுவதோடு பச்சைப்பாசியும் மண்டும்.

இரண்டாவது வகை, டி5 எனப்படும் மெல்லிய குழல் விளக்குகள். மூன்றடி நீளக் குழலுக்கு 39 வாட், நான்கடிக் குழலுக்கு 54 வாட் மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி எதிரொளிப்பான் இருந்தால் ஒளி எங்கும் சமமாகப் பரவும், நிழல் விழாது. குழல்கள் எரிந்துகொண்டிருக்கும்போதே நாளடைவில் ஒளி குன்றுவதும் சாயல் மாறுவதும் இவற்றின் குறை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாவிட்டாலும், ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை குழல்களை மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், வாரத்திற்கு ஒன்றாக மாற்றுவது பவளங்களுக்கு நலம்.

மூன்றாவது, மெட்டல் ஹாலைடு விளக்கு. 150, 250, 400 வாட் அளவுகளில் கிடைப்பது. ஒரே புள்ளியிலிருந்து பாயும் இதன் ஒளி, நீரில் நெளிந்து, கடலடியில் காணும் ஒளியலைகளைத் தோற்றுவிக்கும். ஆனால் வெப்பம் மிகுதி, மின்செலவும் மிகுதி. நம் நாட்டின் கோடைக்கு இது ஏற்றதன்று.

நான்காவதும் இன்று பெரும்பாலோர் கையாள்வதும் எல்.ஈ.டி. விளக்கு. நீல எல்.ஈ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பவளத்திற்கு இன்றியமையாத நீல ஒளியைக் குறைந்த மின்சாரத்தில் தரவல்லது இக்கருவி. நீலம், வெள்ளை ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும். வெப்பமும் நீரை நோக்கிப் பாயாமல் விளக்கின் பின்புறமாக வெளியேறுகிறது. இதன் குறை ஒன்று உண்டு. குறுகிய பரப்பிலிருந்து வெளிவரும் ஒளி, நேர் கீழே கடுமையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் விழும். இதை ஒட்டியே மூன்றாவது கூறாகிய பரவலைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கொள்ளும். நடுவில் ஒரே பெரிய விளக்கைத் தொங்கவிடுவதைக் காட்டிலும், சிறிய விளக்குகள் இரண்டை இருபுறமும் அமைப்பது சிறந்தது. ஒன்றன் நிழலை மற்றொன்று நீக்கும். நீர் மட்டத்திற்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் அவற்றை மாட்டலாம். புள்ளி விளக்கிலிருந்து தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பௌதிக விதி. தொட்டியின் கண்ணாடிச் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இக்குறைவு சற்றுத் தணிந்தே இருக்கும். எனினும் விளக்கை ஒரு சாண் உயர்த்துவதாலேயே கடுமை பெரிதும் தணியும் என்பதை நினைவிற் கொள்ளலாம். ஒளி வேண்டும் இனத்தை மேலும், மெல்லொளி போதும் இனத்தைக் கீழும் ஓரத்திலும் வைப்பதே முறை. மூடுகண்ணாடியில் படியும் உப்பும் தூசும் ஒளியைத் தடுக்கும். வாரந்தோறும் துடைக்க வேண்டும். நாட்பட்ட நீரில் ஊறும் மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கும். வடிகட்டியில் சிறிதளவு கிளர்வூட்டிய கரி வைத்தால் அது நீங்கும்.

குடும்பச் செலவு பார்ப்போருக்கு ஒரு கணக்கு. மேற்கூறிய தொட்டியில் மென்பவளங்களுக்கு எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டும் சேர்ந்து 120 வாட் அளவில் எரிவதாகக் கொள்வோம். நாளுக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மாதத்திற்கு ஏறத்தாழ 32 யூனிட். 39 வாட் குழல்கள் ஆறு எரிந்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 63 யூனிட். 250 வாட் ஹாலைடு விளக்குகள் இரண்டாயின் 135 யூனிட்டுக்குக் குறையாது. வாங்கும் விலையில் எல்.ஈ.டி. மிகுதியாகத் தோன்றினாலும், மாதக் கட்டணத்தையும் குழல் மாற்றும் செலவையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நான்காவது, காலம். வெப்பக் கடலில் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்தும் மங்கியும் இருப்பதால், வீட்டு விளக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரித்தால் வேண்டாத பாசிதான் கொழிக்கும். எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதைக் காட்டிலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிவதே முக்கியம். கைம்மறதியை நம்பாமல், நேரம் குறித்துத் தானே இயங்கும் சுவிட்சைப் பொருத்திவிடுங்கள். வேலைக்குச் செல்வோர் பிற்பகல் ஒரு மணி முதல் இரவு பத்து மணி வரை என்று அமைத்தால், மாலையில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கவும் இயலும். இரவில் முழு இருள் வேண்டும். பவளங்களுக்கும் ஓய்வு உண்டு.

புதிய பவளம் வந்தாலும், புதிய விளக்கு வந்தாலும், பழக்கப்படுத்தாமல் முழு ஒளியைக் காட்டக்கூடாது. புதிய பவளத்தை முதலில் தொட்டியின் அடித்தளத்தில், ஓரமாக வையுங்கள். புதிய விளக்கானால் பாதி அளவிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, வாரத்திற்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்படாமல் கூட்டி வாருங்கள். நான்கைந்து வாரங்கள் காத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. பொறுக்காமல் விரைந்தால் நேரும் இழப்பை மீட்பது அரிது.

அளவுமானி இல்லாதவர்க்கும் பவளமே அளவுமானியாகும். ஒளி போதாவிட்டால் அது நிறம் கருத்துப் பழுப்பேறும். கிடைக்கும் சிறிது ஒளியையும் பிடிக்கும் பொருட்டுப் பாசி பெருகுவதே இதற்குக் காரணம். உடலை விளக்கை நோக்கி நீட்டி வளர்ப்பதும் ஒளிப் பஞ்சத்தின் அறிகுறியே. ஒளி மிகுந்தால் நிறம் வெளிறும். உணர்கொம்புகள் பகலில் உள்ளிழுக்கப்பட்டே இருக்கும். மேற்புறம் முதலில் வெளுக்கும். தோல் பவளம் சில நாட்கள் சுருங்கி, மெழுகு போன்ற படலத்தை உரிப்பது அதன் இயல்பு. அதைக் கண்டு அஞ்சி விளக்கை மாற்ற வேண்டா. எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, இரண்டு வாரமேனும் பொறுத்துப் பாருங்கள்.

வட இந்தியாவிலும் தக்காணத்திலும் வாழ்வோர் கோடை வெப்பத்தை மறத்தலாகாது. பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நலம். வெளியில் நாற்பது பாகையைக் கடக்கும் நாட்களில், விளக்கின் அளவைக் குறைப்பதும் எரியும் நேரத்தை இரவு நோக்கித் தள்ளுவதும் உதவும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே நாள்தோறும் ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது. மழைக்காலத்தில் காற்று ஈரமுற்றிருக்கும் மும்பை, கொல்கத்தா நகரங்களில் விசிறியின் பயன் குறைவு. அங்கே குளிரூட்டும் கருவி தேவைப்படலாம். அச்செலவையும் முன்னதாகவே எண்ணிப் பாருங்கள். மின்சாரம் தடைப்பட்டால் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டா. இரண்டு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். நீரோட்டமும் காற்றும் நின்றால் சில மணி நேரத்தையும் தாங்காது. மின்கலத்தால் இயங்கும் சிறிய காற்றுக் குழாய்க் கருவியொன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவது. விளக்கின் கம்பி, சுவர்ச் சுவிட்சுக்குச் செல்லும் முன் சிறிது கீழே தொங்கி மேலேறுமாறு அமையவேண்டும். அப்போது வழியும் நீர் சுவிட்சினுள் புகாமல் கீழே சொட்டிவிடும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். தொட்டிக்குள் கையிடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றுள் எதையும் தள்ளிப்போடலாகாது.

கரோல்பாக் நண்பரின் தொட்டிக்கு வருவோம். அன்றே விளக்கை ஒரு சாண் உயர்த்தி, ஒளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். பவளங்கள் இரண்டையும் அடித்தளத்தின் ஓரத்திற்கு மாற்றினோம். எரியும் நேரத்தை எட்டு மணியாக வரையறுத்தோம். ஒன்று பிழைக்கவில்லை. மற்றது ஏறத்தாழ ஆறு வாரங்கள் வெளுத்தபடியே இருந்து, பின்னர் ஓரங்களில் பழுப்பேறி, மூன்றாம் மாதத்தில் உணர்கொம்புகளை முழுவதும் விரித்தது. நண்பர் இப்போது விளக்கைத் தொடுவதற்கு முன் பவளத்தைப் பார்க்கிறார். கூடத்து அலமாரியில் முன்பு இருந்த வெண்பவளத் துண்டைப் பற்றியும் அவரே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் சொன்னபடி அங்கேயே ஒப்படைத்துவிட்டார்.

ஆகவே, அன்பர்களே, விளக்குக் கடைக்குச் செல்லும்முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். நான் வளர்க்கப்போகும் உயிர் எது, அதைச் சட்டப்படி வளர்க்கலாமா? அது இருக்கப்போகும் ஆழத்தில் அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும்? என் ஊரின் கோடையையும் மின் கட்டணத்தையும் அந்த விளக்கோடு நான் தாங்க முடியுமா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் வாங்கும் விளக்கு, அளவில் சிறியதாயினும், உங்கள் தொட்டிக்கு ஏற்றதாகவே இருக்கும்.